பொற்கம்பியும் மாட்டெலும்பும்: சிதைந்த பல்லைக் காத்த வரலாறு

இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களின் ஹதீஸ் தொகுப்பில், ஆடை அணிகலன்கள் பற்றிய பகுதியில், பற்களைப் பொன்னால் பிணைப்பது குறித்து ஒரு தனிப் பாடம் உண்டு. தலைப்பைப் படித்துவிட்டு உள்ளே புகும் மாணவன் ஒரு கணம் திகைத்து நிற்பான். ஏனெனில் அந்த ஹதீஸில் பல்லே இல்லை, மூக்குதான் இருக்கிறது. அரபுக் கல்லூரியில் இப்பாடத்தை நடத்தும் ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவர் கைதூக்கி, "ஹஜ்ரத், தலைப்பு மாறி வந்துவிட்டதா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மாறவில்லை. அந்தத் தலைப்புக்குள் நாகரிகத்தின் ஒரு நீண்ட கதை மறைந்திருக்கிறது. அதைச் சற்று விரித்துச் சொல்லவே இக்கட்டுரை.

ஹதீஸின் செய்தி இதுதான். அறியாமைக் காலத்தில் 'குலாப்' என்னும் நீர்நிலையருகே நடந்த போரில் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் மூக்கு துண்டிக்கப்பட்டது. வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். நாளடைவில் அது துர்நாற்றம் வீசத் தொடங்கிற்று. பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய அவர்களுக்கு, பொன்னால் மூக்குச் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாஈ ஆகிய மூன்று தொகுப்புகளிலும் இது பதிவாகியுள்ளது. பொன் அணிவது இந்த உம்மத்தின் ஆண்களுக்கு விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். அவ்விலக்கிலிருந்து ஒரு முகத்தின் ஊனத்துக்காக வழிவிடப்பட்டது. இதைக் கொண்டே, மூக்குக்கு ஆகுமென்றால் பல்லுக்கும் ஆகும் என்று அறிஞர்கள் முடிவு கட்டினர். கல்விமான்கள் பலர் தம் பற்களைப் பொன்னால் பிணைத்திருந்தனர் என்றும், அவர்களுக்கு இந்த ஹதீஸ் சான்றாகிறது என்றும் திர்மிதி (ரஹ்) அவர்களே குறிப்பிடுகிறார்கள். அபூதாவூத் (ரஹ்) அவர்களும் இதே ஹதீஸைப் பற்களைப் பொன்னால் கட்டுவது பற்றிய தலைப்பின் கீழ்தான் வைத்துள்ளார்கள். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பற்களைப் பொன்னால் பிணைத்திருந்தார்கள் என்றோர் அறிவிப்பும் முஸ்னத் அஹ்மதில் காணக்கிடைக்கிறது. அதன் தொடர் வலுவானதன்று என்பர்.

ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹதீஸ் கலை மேதைகள் இருவர், மூக்கைப் பற்றிய செய்திக்குப் பல்லைத் தலைப்பாக இட்டார்கள் என்றால், அவர்கள் காலத்து மக்கள் வந்து கேட்ட கேள்வி பல்லைப் பற்றியதாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. போரில் மூக்கிழப்பவர் ஆயிரத்தில் ஒருவர். பல் ஆடாதவர் யார்?

பொன்னுக்கும் பல்லுக்கும் உள்ள உறவு அரபுலகில் தோன்றியதன்று. லெபனானின் பழைய சிடோன் நகரில் பொற்கம்பியால் பிணைக்கப்பட்ட பற்களோடு கூடிய தாடையெலும்பு ஒன்று 19ஆம் நூற்றாண்டில் தோண்டி எடுக்கப்பட்டது. இத்தாலியின் எட்ரஸ்கர்கள் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பொற்பட்டைகளால் பற்களை இணைத்துக் கட்டினர். உரோமர்களின் பன்னிரு பலகைச் சட்டம் இறந்தவரோடு பொன்னைப் புதைக்கக் கூடாதென்று விதித்தபோது, பற்களைப் பிணைத்திருந்த பொன்னுக்கு மட்டும் விலக்களித்தது. ஆயினும் பொன்னா வெள்ளியா என்ற வினாவை எழுப்பி, உலோகத்தின் இயல்பையும் மனிதனின் தேவையையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தவர்கள் நம் ஃபிக்ஹ் அறிஞர்களே.

மதரஸாக்களில் ஹனஃபி மத்ஹபைக் கற்போர் அனைவரும் ஓதும் 'ஹிதாயா'வில் இவ்விவாதம் சுருக்கமாகவும் அழகாகவும் வருகிறது. ஃபர்கானாவைச் சேர்ந்த இமாம் மர்கீனானி (ரஹ், இறப்பு 1197) எழுதிய நூல் அது. ஆடும் பற்களை வெள்ளியால் பிணைக்கலாம், பொன்னால் கூடாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்; இறப்பு 767) அவர்களின் கருத்து. பொன்னாலும் தவறில்லை என்பது அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. மற்றொரு மாணவரான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களிடமிருந்து இரு விதமாகவும் அறிவிக்கப்படுகிறது. இமாம் முஹம்மத் அவர்களுக்கு அர்ஃபஜா (ரலி) ஹதீஸே ஆதாரம். அதே ஹதீஸை இமாம் அபூஹனீஃபா தரப்பு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. பொன்னில் அடிப்படை விதி விலக்கு. அனுமதி தேவையால் வருவது. தேவை வெள்ளியைக் கொண்டே நிறைவேறுமாயின் அதற்கும் மேலான பொன்னுக்குச் செல்ல நியாயமில்லை. மூக்கில் வெள்ளி நாறியது, ஆகவே அங்கே தேவை நிறைவேறவில்லை. பல்லில் அந்நிலை இல்லை. இதுவே அத்தரப்பின் வாதம்.

ஷாஃபிஈ மத்ஹபில் இத்தனை இழுபறி இல்லை. மூக்கு, பல், விரலின் நுனிக்கணு ஆகிய மூன்றுக்கும் பொன் ஆகும். முழு விரலுக்கோ கைக்கோ ஆகாது. அவை அசைந்து பணி செய்யமாட்டா, வெறும் அலங்காரமாகவே நிற்கும் என்பது அவர்கள் கூறும் காரணம். பல்லோ பொன்னில் அமைந்தாலும் மெல்லும். பயன்பாட்டை அளவுகோலாக்கிய இந்தக் கூர்மையை மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதுண்டு.

இனி ஹனஃபிகளின் வாதத்தில் தொக்கி நிற்கும் ஓர் உலகியல் வினாவுக்கு வருவோம். பல்லில் கட்டிய வெள்ளி கெடாதா? இதற்கு விடை சொல்லத் தகுந்தவர் ஃபகீஹ் அல்லர். கையில் குறடு பிடித்தவர். அந்த விடை ஹிதாயா எழுதப்படுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, இஸ்லாமிய உலகின் மறுகோடியான குர்துபாவில் எழுதப்பட்டுவிட்டது.

அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர். ஏறத்தாழ 1013இல் மறைந்தார். 'அத்தஸ்ரீஃப்' என்னும் அவரது மருத்துவக் களஞ்சியம் முப்பது பகுதிகளைக் கொண்டது. முப்பதாவது பகுதி அறுவை மருத்துவத்துக்கு உரியது. அதனைக் கிரிமோனாவின் ஜெரார்டு 12ஆம் நூற்றாண்டில் தொலேதோவில் இலத்தீனுக்குப் பெயர்த்தார். அனதோலியாவின் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜுஓக்லு அதைத் தழுவி 1465இல் துருக்கியில் வண்ணப் படங்களோடு ஒரு நூல் எழுதினார். ஜான் சானிங் என்பார் அரபு மூலத்தை இலத்தீனோடு சேர்த்து 1778இல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சிட்டார். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் இத்தனை வாழ்வு.

அதில் பல்லுக்கென்று அடுத்தடுத்துச் சில அத்தியாயங்கள் உள்ளன. பல்லிடுக்கில் படியும் காரையைச் சுரண்டி எடுப்பதற்குப் பத்துக்கும் மேற்பட்ட சுரண்டிகளைப் படம் வரைந்து காட்டுகிறார். உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று, இடுக்குக்கு வேறொன்று. பல்லைப் பிடுங்குவதைப் பற்றிய அத்தியாயத்தில் அவர் குரல் சற்றே உயர்கிறது. பிடுங்கத் துணியுமுன் எந்தப் பல் நோகிறது என்பதை உறுதி செய்துகொள். நோயாளி வலியின் மிகுதியால் நல்ல பல்லைச் சுட்டிக்காட்டிவிடுவான். நல்லது போனபின்னும் வலி போகாது என்று எச்சரிக்கிறார். அறியாத நாவிதர்கள் அவசரத்தில் பல்லை முறித்து வேரை உள்ளே விட்டுவிடுவதையும், தாடையெலும்பையே பெயர்த்துவிடுவதையும் சாடுகிறார். பல்லைக் காப்பாற்ற எல்லா வழியும் முயன்ற பிறகே பிடுங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்த அத்தியாயத்தை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வேதனையும் ஒருங்கே வந்தன. பல ஆண்டுகளுக்கு முன் எனக்கும் ஓரிடத்தில் நோகாத பல் ஒன்று பிடுங்கப்பட்டதுண்டு, சுட்டிக்காட்டியவன் நான்தான்.

அவற்றை அடுத்து வருவது, ஆடும் பற்களைப் பொன் அல்லது வெள்ளிக் கம்பியால் பின்னிக் கட்டும் அத்தியாயம். கம்பி மிக மெல்லியதாகவும் கூடாது, மிகத் தடித்ததாகவும் கூடாது. உறுதியான பல்லில் தொடங்கி, ஆடும் பற்களின் இடையே நெசவு போலக் கோத்துச் சென்று, மறுபுறத்து உறுதியான பல்லை எட்டித் திரும்பவேண்டும். இறுக்கம் பற்கள் அசையாத அளவுக்கு இருக்க வேண்டும். இவ்விடத்தில்தான் நமக்கு வேண்டிய விடை வருகிறது: பொன்னே சிறந்தது, வெள்ளி சில நாளில் பச்சை பூத்துக் கெடும், பொன் தன் நிலையில் மாறாமல் நிற்கும் என்கிறார் ஸஹ்ராவி. விழுந்த பல்லையே மீண்டும் அதன் இடத்தில் வைத்துக் கட்டலாம் என்றும், மாட்டெலும்பைப் பல்வடிவில் செதுக்கி வெற்றிடத்தில் பொருத்திக் கட்டினால் நெடுநாள் பயன்தரும் என்றும் கூறுகிறார். இதைச் செய்பவன் கைநயமும் பொறுமையும் உள்ள தொழிலாளியாக இருக்கவேண்டும் என்பது அவர் நிபந்தனை.

ஃபர்கானாவின் நூலும் குர்துபாவின் நூலும் ஒரே மேசையில் விரிக்கப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாதத்தின் அமைப்பு அப்படியே நிற்கும். ஆனால் பல்லில் வெள்ளி கெடாது என்ற எடுகோள் ஆட்டங்காணும். சட்ட வாதம் தோற்காது, உலகியல் தகவல் மாறும், தீர்ப்பும் அதனோடு நகரும். நான் யாருடைய மத்ஹபையும் திருத்த முற்படவில்லை. ஒரு சட்ட முடிவின் கீழே ஓர் உலோகத்தின் இயல்பு படுத்திருக்கிறது என்பதைச் சுட்டுகிறேன், அவ்வளவே.

மாட்டெலும்பும் ஃபிக்ஹுக்குப் புதிதன்று. இமாம் காஸானி (ரஹ், இறப்பு 1191) தம் 'பதாயிஉஸ் ஸனாயிஃ' நூலில் இதை எடுத்துக்கொள்கிறார். இறந்த மனிதரின் பல்லை எடுத்துத் தன் வாயில் கட்டிக்கொள்வது ஒருமித்த கருத்தில் வெறுக்கத்தக்கது. தன்னுடைய விழுந்த பல்லையே மீண்டும் வைத்துக் கட்டுவதை இமாம் அபூஹனீஃபாவும் இமாம் முஹம்மதும் விரும்பவில்லை. முறைப்படி அறுக்கப்பட்ட ஆட்டின் பல்லை எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம் என்றனர். தன் பல்லையே வைத்துக்கொள்வதில் குற்றமில்லை என்றார் இமாம் அபூயூசுஃப். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏழைகளின் வாயிலிருந்து பிடுங்கிய பற்கள் செல்வர் வாய்க்கு விலைபோயின என்பதையும், போர்க்களத்துப் பிணங்களின் பற்கள் செயற்கைப் பல்வரிசைகளில் ஏறின என்பதையும் எண்ணினால், மனித உடலின் கண்ணியத்தை முன்வைத்த அந்தப் பழைய ஒருமித்த கருத்தின் அருமை புலனாகும்.

இதுவரை சொன்னவை ஆடும் பல்லையும் விழுந்த பல்லையும் பற்றியவை. நின்றுகொண்டே உள்ளே அரிக்கப்படும் பல்லின் கதை வேறு. சொத்தை என்பது பல்லைக் குடையும் புழுவின் வேலை என்று பாபிலோனியர் காலந்தொட்டு நம்பினர். இப்னு ஸீனாவும் (980–1037) தம் 'கானூன்' நூலில், குரோசானி ஓம விதையோடு வெங்காய வகை விதைகளை ஆட்டுக்கொழுப்பில் பிசைந்து புகையூட்டும் முறையைச் சொல்கிறார். பெரியார்கள் சொன்னதெல்லாம் சரியென்று நிறுவ முயல்வது நமக்கு அழகன்று. இவ்விடத்தில் அவர் தம் காலத்தின் பிழையைப் பகிர்ந்துகொண்டார். 13ஆம் நூற்றாண்டில் அல்ஜவ்பரி என்பார், தெருவோர ஏமாற்றுக்காரர்களின் தந்திரங்களை அம்பலப்படுத்திய தம் நூலில், பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டுவோரையும் விட்டுவைக்கவில்லை. 1728இல் பாரிஸில் பல் மருத்துவத்துக்கென்றே பெருநூல் எழுதிய பியேர் ஃபொஷார், நுண்ணோக்கியில் பார்த்தும் தாம் அப்புழுவைக் கண்டதில்லை என்றார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் இனிப்பையும் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது என்பதை மில்லர் 1890இல் நிலைநாட்டினார்.

குழியை அடைக்கும் எண்ணமோ அதற்கும் வெகு முந்தையது. 'ரய்' நகரத்து அபூபக்ர் அர்ராஸி (இறப்பு ஏறத்தாழ 925) படிகாரத்தையும் மஸ்தகிப் பிசினையும் சேர்த்துப் பற்குழியை அடைக்கச் சொன்னார். மஸ்தகி நம் யூனானி மருந்துக் கடைகளில் 'ரூமி மஸ்தகி' என்ற பெயரில் இன்றும் கிடைப்பதுதான். வாயில் மென்றால் இளகிப் பசையாகும் அந்தப் பிசின், கடிக்கும் விசையைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடியதன்று. காற்றும் உணவும் குழிக்குள் புகாமல் தடுத்து வலியைத் தணிக்கும் தற்காலிகக் காப்பு அது. ராஸி தம் ஊர் ஆளுநர் மன்ஸூர் இப்னு இஸ்ஹாக்குக்குக் காணிக்கையாக்கிய 'அல்மன்ஸூரி' பத்துப் பகுதிகள் கொண்டது. தலை முதல் கால் வரையிலான நோய்களைப் பேசும் அதன் ஒன்பதாம் பகுதி இலத்தீனில் தனிப் பாடநூலாகவே ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் புழங்கிற்று. 15ஆம் நூற்றாண்டில் பொலோன்யாவிலும் பதுவாவிலும் மருத்துவம் கற்பித்த ஜொவன்னி தார்கோலி இந்த ஒன்பதாம் பகுதிக்கு ஒரு விரிவுரை எழுதினார். சொத்தைப் பல்லைப் பொன் தகட்டால் அடைப்பதைப் பற்றிய பழைய ஐரோப்பியக் குறிப்புகளுள் ஒன்று அந்த விரிவுரையில்தான் இருக்கிறது. விரிவுரைகளின் மேல் விரிவுரைகள் எழுதுவதே இடைக்காலத்தின் குறை என்று இகழ்வோர் உண்டு. ஐரோப்பாவின் பொன் அடைப்பு ஒரு ஷரஹின் ஓரத்தில் தலைகாட்டியதை அவர்கள் அறியார் போலும்.

பாதரசக் கலவையின் வரலாற்றை விரைந்து கடந்துவிடலாம். வெள்ளி, வெள்ளீயம், பாதரசம் கலந்த பசை 659இல் தொகுக்கப்பட்ட சீனத்துத் தாங் அரசின் மருந்து நூலில் உண்டு. 1826இல் பாரிஸில் தவோ வெள்ளிப்பசையை அறிமுகம் செய்தார். 1833இல் கிராகூர் சகோதரர்கள் அதை நியூயார்க்குக்குக் கொண்டுசென்று மலிவாகவும் அவசரமாகவும் அடைத்துப் பணம் பார்த்தனர். 1840இல் தோன்றிய அமெரிக்கப் பல் அறுவையாளர் சங்கம், இதைப் பயன்படுத்தமாட்டோம் என்று உறுப்பினரிடம் உறுதிமொழி கேட்கப்போய், அந்தச் சண்டையிலேயே 1856இல் கலைந்தது. விரியாமலும் சுருங்காமலும் நிற்கும் அளவுகளை ஜி.வி. பிளாக் 1895இல் வகுத்தளித்த பிறகு ஒரு நூற்றாண்டுக்குப் பாதரசக் கலவையே கோலோச்சியது. பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, மருத்துவக் கட்டாயம் இருந்தாலன்றி, பற்களில் அதை அடைப்பதை நிறுத்திவிட்டது. 'அமால்கம்' என்னும் சொல் கிரேக்கத்தின் 'மாலக்மா'விலிருந்து வந்ததென்பர். இடையில் அரபு வழியாக வந்ததா என்பதில் சொல்லாய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இவ்விடத்தில் ஒரு பொதுப்பிழையைக் களைய வேண்டும். அடைப்பு உடைந்து விழுந்தால் "சிமெண்ட் சரியில்லை" என்று நாம் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் குறை அடைப்பில் இல்லை. மிஞ்சிய பல்லின் சுவரில் இருக்கிறது. கடைவாய்ப் பல்லின் மேல் வளர்ந்தவர் ஒருவர் முழு வலுவோடு கடித்தால் ஐம்பது, அறுபது கிலோ எடைக்கு நிகரான விசை விழும். பல்லின் மேலுறையான எனாமல் ஏறத்தாழ முழுவதும் கனிமம். கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. அதன் அடியிலுள்ள தந்தினி வளைந்து கொடுத்து எனாமலைத் தாங்குகிறது. பல்லின் முன்பின் ஓரங்களில் உள்ள இரு வரப்புகளும் வீட்டின் உத்திரம் போலச் சுவர்களைப் பிணைத்து நிற்கின்றன. சொத்தை அவ்விரு வரப்புகளையும் தின்றுவிட்டால், கன்னப்புறச் சுவரும் நாக்குப்புறச் சுவரும் தனித்தனியே நிற்கும். ஒவ்வொரு கடியிலும் விரிந்து விரிந்து ஒருநாள் பிளக்கும்.

1989இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்தே காட்டிற்று. வேர் சிகிச்சைக்காகப் பல்லின் நடுவே துளையிடுவதால் அதன் விறைப்பு 5 விழுக்காடுதான் குறைகிறது. மேற்பரப்பில் மட்டும் குழி தோண்டினால் 20 விழுக்காடு குறைகிறது. இரு ஓர வரப்புகளும் போய்விட்டாலோ 63 விழுக்காடு. வேர் சிகிச்சை செய்த பல் உயிரற்றுக் காய்ந்து நொறுங்குகிறது என்ற பரவலான நம்பிக்கையை இந்த எண்கள் பெரிதும் அசைத்துவிட்டன. பல் நொறுங்குவது முதன்மையாக அதன் பருமனை இழந்ததால்தான்.

பாதரசக் கலவை நசுக்கும் விசையைத் தாங்கும். ஆனால் பல்லோடு ஒட்டாது. நழுவாதிருக்க உட்புறம் அகன்ற குழியாக வெட்ட வேண்டும். அதற்கு நல்ல பகுதியையும் பலிகொடுக்க வேண்டும். உலோகத்துக்கு வண்ணம் பூசுமுன் பாஸ்போரிக் அமிலத்தால் கழுவும் ஆலை வழக்கத்தைக் கண்டு, எனாமலையும் அவ்வாறு அமிலத்தால் நுணுக்கமாக அரித்தால் பிசின் பற்றிக்கொள்ளும் என்று 1955இல் பூனகோர் காட்டினார். 1962இல் போவன் உருவாக்கிய பிசினோடு இந்த உத்தி சேர்ந்தபோது, பல்லின் நிறத்திலேயே ஒட்டும் அடைப்பு பிறந்தது. ஆனால் அது இறுகும்போது சற்றே சுருங்கும். பெரிய குழியில் அச்சுருக்கம் ஓரங்களைப் பிரித்து, மீண்டும் சொத்தைக்கு வாயில் திறக்கும். நம் ஊர்களில் 'சிமெண்ட்' எனப்படும் கண்ணாடி அயனோமர் 1970களின் தொடக்கத்தில் இலண்டனில் வில்சன், கென்ட் என்னும் இருவரால் உருவானது. பல்லோடு தானே ஒட்டும், ஃபுளோரைடைக் கசியவிடும். கடைவாயின் பாரத்தை நெடுநாள் தாங்காது. ஆக, எந்த அடைப்பும் இடிந்த வீட்டின் நடுவே வைத்த மண்மூட்டைதான். சுவர் நிற்கும்வரை அது நிற்கும்.

சுவர்களை வெளியிலிருந்து அணைத்துப் பிடிப்பதே உறை. நம் மக்கள் இதைக் 'கேப்' என்பர். 1907இல் டகார்ட் மெழுகை உருக்கி நீக்கும் வார்ப்பு முறையைப் பல் மருத்துவத்தில் பரப்பிய பிறகு, பல்லோடு துல்லியமாகப் பொருந்தும் பொன் அடைப்புகளும் உறைகளும் சாத்தியமாயின. நம் தட்டார்களும் வெண்கலச் சிற்பிகளும் நெடுங்காலமாக அறிந்த முறைதான் அது. உறையின் வலிமை அதன் உலோகத்தில் மட்டும் இல்லை. ஈறுக்கு மேலே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் சுற்றிலும் எஞ்சியிருந்து, அதை உறை வளையம் போலக் கவ்வ வேண்டும். பீப்பாயின் பலகைகளை இரும்பு வளையம் கவ்வுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மில்லிமீட்டர் இல்லையேல் உலகின் உறுதியான உறையும் வேரோடு கழன்று வரும், அல்லது வேரைப் பிளக்கும். ஆகவே காலதாமதமே பல்லின் முதற்பகை. அடைப்பின் மேல் அடைப்பாக ஐந்தாண்டு தள்ளிப்போட்டுவிட்டு, கவ்வுவதற்கு ஒன்றுமில்லாதபோது கேப் கேட்பவர்கள் ஏராளம்.

இத்தாமதத்துக்குப் பணமும் பயமும் காரணம் என்பது உண்மை. நம் சமுதாயத்தில் மூன்றாவது ஒன்றும் உண்டு; அதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பல்லை மூடிவிட்டால் கடமையான குளிப்பு நிறைவேறுமா என்ற ஐயமே அது. தமிழகக் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுதி. ஷாஃபிஈ மத்ஹபில் குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஸுன்னத்; ஆகவே அங்கே இவ்வையத்துக்கு வேர் இல்லை. ஹனஃபி மத்ஹபிலோ குளிப்பில் வாயைக் கழுவுவது ஃபர்ளு. வாயின் ஒரு பகுதியில் நீர் படாவிட்டால் குளிப்பு நிறைவேறாது. குளிப்பில்லையேல் தொழுகை இல்லை. பேணுதலுள்ள ஒருவர் இதற்கு அஞ்சுவதில் வியப்பில்லை. அவ்வச்சத்தைக் கேலி செய்வோர் மார்க்கத்தையும் அறியார், மனிதரையும் அறியார்.

ஆனால் கிதாபுகள் இக்கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடவில்லை. ஹஸ்கஃபி (ரஹ், இறப்பு 1677) எழுதிய 'துர்ருல் முக்தார்' குழிவிழுந்த பல்லையே பேசுகிறது. பல்லிடுக்கிலோ பொந்துப் பல்லிலோ சிக்கிய உணவு குளிப்பைத் தடுக்காது, இதன்படியே ஃபத்வா என்கிறது. கெட்டியாக இறுகியிருந்தால் தடுக்கும், அதுவே சரியானது என்ற கருத்தையும் உடன் பதிகிறது. சொத்தைப் பல்லோடு வாழ்ந்த மக்களின் நிலையை அறிந்தே அவர்கள் எழுதினார்கள் என்பது தெளிவு. ஆடும் பல்லைக் கம்பியால் கட்டலாம் என்று மூல இமாம்களே அனுமதித்தபோது, குளிப்புக்காக அதை அவிழ்த்துக் கட்டச் சொல்லவுமில்லை. இவற்றை வைத்தே, பல்லோடு நிலையாக ஒட்டப்பட்டுத் துன்பமின்றிக் கழற்ற இயலாத அடைப்பும் உறையும் பல்லின் பகுதியாகவே கொள்ளப்படும், அவற்றின் மேல் நீர் பட்டால் போதும் என்று துணைக்கண்டத்து ஹனஃபி முஃப்திகள் பலர் தீர்ப்பளித்துள்ளனர். இரவில் கழற்றி வைக்கும் செயற்கைப் பல் தட்டு வேறு. அதைக் கழற்றிவிட்டே கொப்பளிக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் உள்நாட்டு ஊர் ஒன்றிலிருந்து பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை இவ்வையத்தாலேயே இழந்தவர். வேர் சிகிச்சை முடிந்தும் உறை போட மறுத்து, ஓராண்டில் அது நெடுக்காகப் பிளந்து பிடுங்கப்பட்டது. இப்போது அடுத்த பல். மேற்கண்ட இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பின், "அப்படியானால் ஹஜ்ரத், பொன்னா, வெள்ளியா?" என்றார். நான் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கூஃபாவில் கேட்கப்பட்ட கேள்வி அப்படியே வந்து நின்றது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அளவுகோலையே அவருக்கும் வைத்தேன். குறைந்தது போதுமானால் மேலானதற்குச் செல்வதில்லை. 2000களுக்குப் பின் பரவிய சிர்கோனியா உறை பீங்கான் இனத்தது. வளைக்கும் விசையை 900 முதல் 1,200 மெகாபாஸ்கல் வரை தாங்கும் வகைகள் உள்ளன. பழைய பல்பீங்கானோ நூறைத் தாண்டுவதே அரிது. வாயில் கெடாது, நாறாது, பச்சை பூக்காது. ஆகவே ஆண்களுக்குப் பொன்னைத் தேடும் தேவை இங்கே பெரிதும் இல்லாமற்போயிற்று. பெயரில் மட்டும் ஒரு பொன் ஒட்டிக்கொண்டிருக்கிறது: சிர்கோனியம் என்பதன் மூலம் பாரசீகத்தின் 'ஸர்கூன்', பொன்னிறம் என்று பொருள் என்றேன்.

பல் மருத்துவரிடம் சென்றார். சுற்றுச்சுவர் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறையாமல் இருந்ததாம். அடுத்த ஷவ்வாலில் பார்த்தபோது, அந்தப் பக்கத்திலேயே பேரீச்சங்கொட்டை ஒன்றைக் கடித்துக் காட்ட முற்பட்டார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.